கடாரமா, கங்காணிக் காலமா?

காலத்தில் பின்னோக்கியோ முன்னோக்கியோ செல்லும் வாய்ப்பு ஒருவர்க்குக் கிடைத்தால், அவர் எவ்விடத்துக்கு, எந்த ஆண்டுக்குச் செல்ல விரும்புவார்? பள்ளிக்கூடங்களில் கட்டுரைத் தலைப்பாகத் தருவதற்கு ஏற்ற வினா இது. விளையாட்டு வினாவாகத் தோன்றினும், ஒருவர் தரும் விடையில் அவர் எந்நூல்களைப் படித்து வளர்ந்தார் என்பது வெளிப்பட்டுவிடும். எச். ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட 'கால யந்திரம்' என்னும் ஆங்கில நவீனத்தின் தலைவன் எதிர்காலத்தை நோக்கிப் போனான். எட்டு இலட்சம் ஆண்டுகட்கு அப்பால், உழைப்போர் வழிவந்தவரும் சுகித்திருந்தோர் வழிவந்தவரும் இருவேறு உயிரினங்களாகப் பிரிந்து கிடக்கக் கண்டான். தமிழ் வாசகர் அத்திசையில் செல்வது அரிது. அவர் ஏறும் ஊர்தி சரித்திர நவீனம்; அது அவரை இறக்கிவிடும் இடம் பெரும்பாலும் சோழ நாடு.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் தேயிலைக் காடுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே திரிங்காப் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள தமிழ் மாணவன் இவ்வினாவுக்கு விடை எழுதப் புகுந்தால், தஞ்சை என்றோ, இராசேந்திரன் படை கடாரத்தை வென்ற 1025 என்றோ எழுதுவதற்கே இடம் மிகுதி. கங்காணியின் பின்னால் கூலிமக்கள் அம்மலை ஏறிய 1930-களை அவன் எழுதுவான் என்று எதிர்பார்ப்பது கடினம். இது மாணவன் குறையன்று. நூல்கள் எத்துறைக்கு ஓடம் விடுகின்றனவோ அத்துறையில்தானே அவன் இறங்க முடியும்?

அவ்வோடத்தில் பெருந்திரளான மக்களை ஏற்றிச் சென்றவர் கல்கி. 1950 அக்டோபரில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னின் முதல் அத்தியாயத்திலேயே அவர் வாசகரை வெளிப்படையாக அழைத்து, ஏறத்தாழ 980 ஆண்டுகள் பின்னே கொண்டு செல்கிறார். இறக்கிவிடும் இடமும் நாளும் திட்டமானவை: வீரநாராயண ஏரிக்கரை, ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. வேறோர் ஆசிரியராயின் கொலுமண்டபத்தில் தொடங்கியிருப்பார். கல்கியோ நீர் ததும்பும் ஏரியையும் பெருக்கு விழாவுக்குக் கூடிய குடிமக்களையும் முதலில் காட்டுகிறார். அத்தேர்வின் மேன்மை இதுவே. ஆனால் வாசகர் அக்கூட்டத்தில் ஒருவராக இறங்குவதில்லை. குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு இறங்குகிறார். அவன் இளவரசனின் ஓலையைச் சுமந்து வருபவன். ஏரியைக் காத்தவர், மதகு திறந்தவர், மண் சுமந்தவர் ஆகியோர் அக்குதிரையின் வலப்புறமும் இடப்புறமும் நின்றுவிடுகின்றனர்.

இவ்விடத்தில் சேந்தன் அமுதனை நினைவுகூர்தல் தகும். பேச இயலாத அன்னையோடு பூந்தோட்டத்தில் வாழ்ந்து, கோயிலுக்கு மலர் தொடுத்துக் கொடுக்கும் எளியவன் அவன். அரச பதவியில் ஆசையே இல்லாத உள்ளம் அந்நவீனத்தில் உண்டென்றால் அது அவனுடையது. கதை முடிவில் அவனே சோழ குலத்து மகன் எனத் தெரிகிறது. உத்தம சோழனாக முடிசூடுகிறான். இராசராசனுக்கு முன் உத்தம சோழன் அரசேறியது ஏன் என்னும் வரலாற்றுச் சிக்கலைக் கல்கி அவிழ்த்த திறம் வியக்கத்தக்கது. எனினும் அத்திறத்துக்கு ஒரு விலை உண்டு. வாசகர் மனம் ஒன்றிய பூத்தொடுப்பவனும் இறுதிவரை பூத்தொடுப்பவனாக இருக்க முடியவில்லை. பழங்காலத்தில் கால்வைக்கும் தமிழன், எளியவனாகப் புறப்பட்டாலும் அரசனாகவே போய்ச் சேர்கிறான்.

1960-களில் 'குமுத'த்தில் வெளிவந்த சாண்டில்யனின் 'கடல் புறா' மலேசிய வாசகர்க்கு இன்னும் நெருங்கிய கவர்ச்சி உடையது. கருணாகரத் தொண்டைமான் மரக்கலம் செலுத்தும் கடல்கள் அவர்கள் வீட்டு வாயிற்கடல்கள். கடாரம் இன்றைய கெடாவைச் சார்ந்தது என்பது அறிஞர் பலர் முடிபு. போரும் காதலும் பாய்மரத்தோடு விரையும் நூல் அது. எனினும் அந்நாட்டில் பிறந்த பொதுமக்கள் அங்கே அரங்கின் திரைச்சீலையாகவே தொங்குகின்றனர்.

1025-க்குச் செல்ல விரும்பும் திரிங்காப் மாணவன், ஊரை மாற்றாமல் ஆண்டை மட்டும் மாற்றினால் என்ன காண்பான்? புலிக்கொடியைக் காணமாட்டான். 1030-ஆம் ஆண்டைச் சேர்ந்த தஞ்சைக் கல்வெட்டு வரிசைப்படுத்தும் ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் முதலியவை பெரும்பாலும் துறைமுகங்களும் கடலோர நாடுகளும் ஆகும். மலைமேல் அவனை எதிர்கொள்வது அடர்காடு. எதிர்ப்படக்கூடிய மனிதர், இன்றும் அம்மலைச் சாரலில் வாழும் செமாய் மக்களின் முன்னோர். அவர்களிடம் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வான்?

அரசர் அல்லாத தமிழரையும் அந்நூற்றாண்டில் தேடிப் போகலாம். சுமத்திராவின் மேற்குக் கரையில், பாரூசுக்கு அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. மரக்கலத் தலைவர் முதலாயினோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி அது பேசுகிறது. கணக்கும் கட்டணமும் கடற்காற்றும் கலந்த வாழ்க்கை! வாளெடுத்தவரைத் தொடர்ந்து சென்ற நவீனாசிரியர்கள், துலாக்கோல் எடுத்தவரைத் தொடர்ந்து அத்துணை தூரம் செல்லவில்லை.

இங்கே நாகப்பட்டினத்தை நோக்குதல் வேண்டும். கடார அரசன் பெயரால் அங்கு எழுந்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த செய்தியை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறும். கல்கி தம் இளவரசனை நோயுற்ற நிலையில் அவ்விகாரத்தில்தான் தங்கவைக்கிறார். (வரலாற்றின்படி விகாரம் எழுந்தது சில பத்தாண்டுகள் பின்னர். கதைக்கு அது குறையன்று.) அதே நாகப்பட்டினத்தில்தான் 1926-இல் கடலில் இறங்கிய 'ரஜூலா' என்னும் கப்பலும் ஆட்களை ஏற்றிப் பினாங்குக்குச் சென்றது. கங்காணிகள் தத்தம் ஊர்களிலிருந்து அழைத்துவந்த குடும்பங்கள் மேல்தளத்தில் நெருங்கிக் கிடந்தன. பினாங்கை அடைந்ததும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல், அதன்பின் தோட்டம். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. இவ்வாறு ஆள் சேர்ப்பதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தது. ஒரே துறைமுகம், இருவேறு கப்பல்கள், இடையே 900 ஆண்டுகள். முதற்கப்பலில் இடமில்லாத அளவு நெரிசல். இரண்டாவதில் ஏறிய நவீனங்களை விரல்விட்டு எண்ணலாம்.

அகிலன் இரண்டிலும் ஏறியவர். இராசேந்திரன் காலத்தை வரைந்த 'வேங்கையின் மைந்தன்' 1963-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. பின்னர் அவரே மலேசிய ரப்பர்த் தோட்டத் தமிழரை வைத்துப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். முன்னதில் முடியும் வாளும் அவருக்கு இயல்பாக வந்து உதவுகின்றன. பின்னதில் அவர் தயங்கித் தயங்கி நடக்கும் விருந்தாளி. ஆயினும் அத்தயக்கத்தில் ஒரு நேர்மை உண்டு. சோழர் காலத்தைவிடத் தம் காலத்துத் தோட்டம் தமக்குத் தொலைவானது என்பதை அவர் மறைக்கவில்லை.

சோழ நவீனத்தில் புகும் வாசகர்க்கு முடிவு முன்பே தெரியும்: இராசராசன் முடிசூடுவான், பெரிய கோயில் எழும். அந்த அறிவே இன்பமாகிறது. 1938-இன் தேயிலை மலையில் இறங்குபவருக்கும் பின்வருவன தெரியும்: 1941 டிசம்பரில் சப்பானியர் படையெடுப்பு, 1942-இலும் 1943-இலும் சயாம் இரயில்பாதையில் மடிந்த தோட்டத் தமிழர், 1948 முதல் 1960 வரை அவசரகாலம். விடியுமுன் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்து, கூடையோடு சரிவேறும் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்ல முடியாமையே அந்நவீனத்தின் உயிராக இருக்கும். இத்துன்பத்துக்கு அஞ்சியே பலர் கடாரத்துக்குப் போகின்றனர் எனலாம். அஞ்சாதவரும் உண்டு. அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்ன'த்தில் சயாம் பாதைக்கும், 'லங்காட் நதிக்கரை'யில் அவசரகாலத்துக்கும் துணிந்து சென்றார். நடை சில இடங்களில் செய்தி கூறுவதோடு நின்றுவிடினும், வாசகரை அரசனாக்காமல் ஆளாகவே இறக்கிவிட்ட பெருமை அவற்றுக்கு உரியது.

தேயிலைக்கு என்று நோக்கினால், 1935-இல் 'மணிக்கொடி'யில் வந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தோட்டத்தைக் காட்டிற்று. பி. எச். டேனியல் 1940-களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, முதிய தொழிலாளர் கூறக் கேட்டவற்றைக் கொண்டு, அதற்கு முந்திய காலத்துக் கருப்பனையும் வள்ளியையும் படைத்தார். 1969-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல் 2007-இல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. அவர் கடந்த தொலைவு இருபது ஆண்டே. ஆனால் வழிகாட்டிகள் அக்காலத்திலிருந்தே வந்தவர்கள்.

கேமரன் மலைக்கு அத்தகைய நவீனம் எழுதப் புகுபவர்க்கு அவ்வழிகாட்டிகள் இனி இல்லை. அவர்கள் வாய்மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களே இன்று பாட்டன் பாட்டியர். எஞ்சியிருப்பவை, பேரர் நினைவில் தங்கிய சில ஊர்ப்பெயர்கள், 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயர், கங்காணி, கிராணி, பெரட்டு, லயம், கொழுந்து என்னும் சொற்கள்.