கூண்டில் சொன்னதும் ஏட்டில் ஏறியதும்

தமிழ்நாட்டின் எந்தக் கீழமை நீதிமன்றத்திலிருந்தும் ஒரு குறுக்கு விசாரணையின் நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள். "சம்பவத்தின்போது நான் வீட்டில் இல்லை என்றால் சரியல்ல. எனக்கு எதுவும் தெரியாது என்றால் சரியல்ல. போலீசார் சொல்லிக்கொடுத்தபடி பொய்சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." இப்படியே பக்கங்கள் ஓடும். உலகத்தில் எந்த மனிதனும் இப்படிப் பேசியதில்லை. கேள்வி வக்கீலுடையது. சாட்சி சொன்னது "இல்லீங்க" என்ற ஒற்றைச் சொல். இரண்டையும் ஒட்டி ஒரே வாக்கியமாக நீதிபதி சொல்ல, கீழே உட்கார்ந்திருக்கும் தட்டச்சர் அடிக்கிறார். ஏட்டில் ஏறிய பிறகு எல்லாமே சாட்சி பேசியதுதான்.

இது யாரோ செய்யும் முறைகேடு அல்ல. செஷன்ஸ் வழக்குகளில் சாட்சியத்தைக் கேள்வி பதிலாக அல்லாமல் தொடர்ந்த விவரிப்பாக எழுதுவதே வழக்கமாக இருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்லியது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டமும் அதையே தொடர்கிறது. தேவைப்பட்டால் ஒரு பகுதியைக் கேள்வி பதிலாகவே எழுதலாம், அது நீதிபதியின் விருப்பம். அந்த விருப்பம் அடிக்கடி பயன்படுவதில்லை.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. ஒரு வக்கீல் ஒரே கேள்வியை நாலு விதமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்பார். விவரிப்பில் அது ஒரு வரியாகச் சுருங்கிவிடும். மேல்முறையீட்டில் கட்டுக் கட்டாகப் படிக்க வேண்டிய நீதிபதிக்கு அது பெரிய உதவி. வம்புக் கேள்விகளும் மிரட்டலும் ஏடேறாமல் வடிகட்டப்படுகின்றன. "என்றால் சரியல்ல" என்ற வாய்பாடும் முட்டாள்தனமானது அல்ல. வக்கீல் போட்ட கேள்வி எது, சாட்சி தானாகச் சொன்னது எது என்பதைப் பழகிய கண் அந்த இரண்டு சொற்களை வைத்தே பிரித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது தமிழில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம்தான் விசாரணை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழிதிறந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் போனதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும் ஒரு அமைப்பில், சாமானியன் தன் கண்ணால் படிக்கக்கூடிய ஏடு இது ஒன்றுதான்.

பழகாத கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மேலே சொன்ன முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு, கூண்டில் நடந்தது இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல்: "அப்ப நீங்க வீட்லயே இல்ல, டீக்கடையில இருந்தீங்க, சரிதானே?" சாட்சி: "டீக்கடைக்குப் போயிட்டு அப்பதாங்க திரும்பி வந்தேன்." இது மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. கேள்வியில் பாதியை ஏற்று, நேரத்தைத் திருத்துகிற பதில். "நான் வீட்டில் இல்லை, டீக்கடையில் இருந்தேன் என்றால் சரியல்ல" என்று இது ஏறினால், டீக்கடைக்குப் போனதையே சாட்சி மறுத்ததாகிவிடும். நாளைக்கு டீக்கடைக்காரர் வந்து "வந்தாருங்க" என்றால் இவர் பொய்யர்.

தமிழ்ப் பேச்சின் சில குணங்கள் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. "தெரியலைங்க" என்று ஒரு மூதாட்டி சொல்கிறார். இருட்டில் கண்ணுக்குப் புலப்படவில்லை என்கிறாரா, விவரம் அறியேன் என்கிறாரா, இப்போது நினைவில் இல்லை என்கிறாரா? மூன்றுக்கும் சட்டத்தில் எடை வேறு. ஏட்டில் பெரும்பாலும் "தெரியாது" என்று ஒரே சொல்லாக நின்றுவிடும். "அவங்க வந்து அடிச்சாங்க" என்பது இன்னும் மோசம். மரியாதைக்குரிய ஒருவர் வந்தாலும் அதே சொல், ஆறு பேர் கும்பலாக வந்தாலும் அதே சொல். சட்டவிரோதக் கூட்டம் என்று குற்றம் சாட்ட ஐந்து பேராவது வேண்டும். ஆதிக்கம் செலுத்துகிறவரைப் பழக்கத்தால் 'அவங்க' என்றே சொல்லும் ஒரு கூலித் தொழிலாளியின் வாக்கியத்தில் எத்தனை பேர் என்று அங்கேயே கேட்டுத் தெளிந்தால் ஒழிய, ஏட்டிலிருந்து பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழ் 'எதிரி' என்கிறது. சொந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேச வந்தவரும் "ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும்" என்றுதான் ஆரம்பிப்பார், ஏட்டில். குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்ற கொள்கையை இந்தச் சொல்லோடு எப்படித்தான் பக்கத்தில் வைத்திருக்கிறார்களோ.

கேள்வியின் அசல் சொற்கள் காணாமல்போவது சாட்சியை மட்டும் பாதிப்பதும் இல்லை. குறுக்கு விசாரணையில் எதிரி தரப்பு வக்கீல் போடும் கேள்வியே அவருடைய கட்சிக்காரருக்கு எதிராகத் திரும்பலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேள்விக்கு அவ்வளவு கனம் இருக்குமானால், அது இன்னொருவர் வாய்வழியாக, சுருக்கப்பட்டு, பதிலோடு ஒட்டப்பட்டு ஏறுவது எப்படிச் சரியாகும்?

இதற்கெல்லாம் இயந்திரம் தீர்வு தரும் என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் அரசியல்சாசன அமர்வின் வாதங்களைச் செயற்கை நுண்ணறிவால் எழுத்தாக்கிப் பார்த்தது. கேரள உயர்நீதிமன்றம் ஒரு படி தாண்டி, 2025 நவம்பர் 1 முதல் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பதிவுசெய்யவே 'அதாலத் ஏஐ' என்ற குரல்வழி எழுத்துக் கருவியைக் கட்டாயமாக்கியது. தீர்ப்பு எழுதவோ முடிவெடுக்கவோ செயற்கை நுண்ணறிவைத் தொடக்கூடாது என்றும் அதே கேரள உயர்நீதிமன்றம் கொள்கை வகுத்திருக்கிறது. அந்த எச்சரிக்கை பாராட்டத்தக்கது. கருவியாலும் நன்மை உண்டு: தட்டச்சர் இல்லாததால் வாய்தா போடும் கொடுமை குறையும். நாள் முழுக்கக் காத்திருந்து வெறுங்கையோடு ஊர் திரும்பும் சாட்சிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் நான் பேசும் நோய்க்கு இது மருந்தாகுமா? நீதிபதி சுருக்கிச் சொல்வதை இயந்திரம் வேகமாக அடித்தால், அதே "என்றால் சரியல்ல" இன்னும் சீக்கிரம் ஏறும், அவ்வளவுதான். சாட்சியின் பேச்சையே நேராகக் கேட்டு எழுதினாலும், மின்விசிறிச் சத்தத்திலும் இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் பேசும் கூச்சலிலும் வட்டார வழக்கைப் பிடிப்பது எளிதல்ல. இந்தக் கருவிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வேறு உண்டு. கேட்காத இடத்தில் வெற்றிடம் விடாமல், பொருத்தமாகத் தோன்றும் சொல்லைப் போட்டு நிரப்பிவிடும். தட்டச்சர் தடுமாறினால் நிமிர்ந்து "என்னங்கய்யா?" என்று கேட்பார். இது கேட்காது. சாட்சி பதில் சொல்லும் முன் எடுத்துக்கொண்ட நீண்ட மௌனம் இரண்டு முறையிலும் ஏறுவதில்லை.

ஆகவே நம்ப வேண்டியது ஒலியை. எழுத்து, அதைத் தேடிப் பிடிக்க உதவும் துணை மட்டுமே. சாட்சியத்தை ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம் என்ற அனுமதி 2009 இறுதியிலேயே சட்டத்தில் வந்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ 2016 ஜனவரி முதல் வழக்கு நடவடிக்கைகளை ஒளிப்பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. புதிய கருவிக்குக் காட்டும் வேகத்தில் பாதியை இந்தப் பழைய கட்டளைக்குக் காட்டினால் போதும். விவரிப்பு நடை இருந்துவிட்டுப் போகட்டும். தகராறு வந்தால் போட்டுக் கேட்கச் சாட்சியின் குரல் கட்டோடு இருக்க வேண்டும். அந்தக் குரல் வெளியே கசியாமல் காக்கும் பொறுப்பு, பாலியல் வழக்குகளில் குறிப்பாக, நீதிமன்றத்தின் மேல்தான் விழும். அதைக் காட்டி முழு வேலையையும் தள்ளிப்போட முடியாது.

அதுவரை, சம்மன் வந்து கூண்டேற வேண்டிய யாருக்கும் ஒரு வார்த்தை. குற்ற வழக்கில் உங்கள் சாட்சியத்தை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அவசரத்தில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தவறிருந்தால் சொல்லுங்கள். நீதிபதி திருத்தாவிட்டாலும், உங்கள் ஆட்சேபத்தைக் குறிப்பாக எழுதிவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.