வாஷிங்டன் என்ற பெயருக்கு என்ன பொருள்?

'ஹ்வாசா என்பவனைச் சேர்ந்தவர்களின் ஊர்' என்பதுதான் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள். இங்கிலாந்தில், வியர் ஆற்றை ஒட்டிய பழைய டர்ஹாம் பகுதியில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. ஊர்ப்பெயர் என்ற அளவில் இந்த விளக்கம் வலுவானதே. பழைய ஆங்கிலத்தில் 'இங்' ஒருவனைச் சார்ந்தோரையும், 'டூன்' பண்ணையையும் குறித்தன. ஆற்றங்கரையில் துணி துவைத்த இடம் என்ற கதை நிற்காது. துவைத்தலிலிருந்து பிறந்திருந்தால் 'ஷ்' ஒலி ஆதியிலேயே இருந்திருக்கும்; இடைக்கால ஆவணங்களோ 'வெசிங்டன்' என்கின்றன.

ஆனால் ஊரின் பொருளை அப்படியே குடும்பத்தின் மேல் ஏற்றுவதை ஏற்க முடியாது. டர்ஹாம் பிஷப்பின் நிலங்களைப் பதிவுசெய்த 1183ஆம் ஆண்டின் 'போல்டன் புத்தகம்' இதற்குச் சான்று. ஹெர்ட்பர்ன் வில்லியம் தன் ஊரை பிஷப்பிடம் கொடுத்து, ஈடாக வாஷிங்டனைப் பெற்றார். அதற்கு ஆண்டு வாரம் 4 பவுண்டு. நிலம் கைமாறியதும் அவர் பெயரும் ஹெர்ட்பர்னிலிருந்து வெசிங்டனுக்கு மாறியது. அவருக்கும் ஹ்வாசாவுக்கும் இரத்த உறவு எதுவும் தேவைப்படவில்லை. நிலத்தை வைத்திருந்ததற்கான அடையாளம் அது, குலத்தைச் சொல்வதல்ல. ஜார்ஜ் வாஷிங்டனின் மரபு இவரிடமிருந்தே வருகிறது. 1539இல் அக்குடும்பத்தார் சல்கிரேவ் பண்ணையை வாங்கியபோது, நிலம் மாறியும் பெயர் மாறவில்லை. அதற்குள் அது பரம்பரைப் பெயராக இறுகிவிட்டது.

அமெரிக்காவில் நிலவுடைமை என்ற பொருளும் போதாமல் போகிறது. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இப்பெயர் கொண்டோரில் சுமார் 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். எல்லாரும் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். விடுதலை பெற்றவர்கள் பலர் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தார்கள். பள்ளியில் ஆசிரியர் பெயர் கேட்டபோது, புக்கர் என்ற ஒற்றைப் பெயரோடு நின்ற, அடிமையாகப் பிறந்து பின்னாளில் கல்வியாளரான சிறுவன் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொன்னதை அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். இங்கே ஊரும் இல்லை, நிலமும் இல்லை.

ஆகவே, 'ஹ்வாசாவின் ஊர்' என்பதை ஊர்ப்பெயர் அகராதியில் மட்டும் வைக்க வேண்டும். குடும்பப்பெயர் அகராதி வில்லியமின் நிலமாற்றத்தில் தொடங்கி, விடுதலை பெற்றவர்களின் தேர்வைத் தனிப்பொருளாகத் தர வேண்டும். இன்று இப்பெயரைத் தாங்குவோரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த இரண்டாம் பொருளே உரியது.