திருத்தணி: போராட்டமும் தீர்ப்பும்

தமிழகத்தின் வட எல்லைச் சிக்கலை அறிய விழைவோர் முதலில் நாடும் நூல் ம.பொ. சிவஞானத்தின் தன்வரலாறான ‘எனது போராட்டம்’. தலைவர் ஒருவரின் நினைவுகள் என்ற வகையில் அதன் மதிப்பு பெரிது. ஆயினும் அந்நூலின் வழிநின்று மேடைகளும் மலர்களும் திருத்தணியை ‘மீட்கப்பட்ட ஊர்’ என்றே பேசிவருவது பாதி உண்மையாகும். போராட்டம் வழக்கை எழுப்பியது. வழக்கைத் தீர்த்தது வேறொன்று.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணி உட்பட, அதனுடன் சென்றது. தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழார் போன்றோரும் கிளர்ந்தெழுந்தனர். பின்னர் இரு அரசுகளின் இசைவுடன் ஹ.வி. படாஸ்கர் நடுவரானார். கிராமமே அலகு, நிலத்தொடர்ச்சி வேண்டும், பெரும்பான்மையோரின் மொழியே அளவுகோல் என்பன அவர் கைக்கொண்ட விதிகள். அவருடைய பரிந்துரைகளை இரு அரசுகளும் ஏற்றன. நாடாளுமன்றம் 1959இல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் இங்கு வந்தன. சத்தியவேடு அங்கு சென்றது. தமிழரசுக் கழகம் கோரிய திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. இருவரும் பெற்றனர்; இருவரும் இழந்தனர்.

இஸ்லாமியச் சட்டவியலில் இதற்கு நெருங்கிய முறை ‘தஹ்கீம்’. வழக்காடும் இருவரும் தாமே ஒரு நடுவரை ஏற்றுக்கொள்வது அது. தீர்ப்புக்கு முன் எவரும் விலகலாம்; தீர்ப்பு வந்தபின் அது இருவரையும் கட்டுப்படுத்தும் என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. முடிவு எதுவென்று அறியுமுன்னரே நெறிமுறைக்கு இசைவதே இதன் உயிர்நாடி.

இவ்விசைவு இல்லாவிடில் என்னாகும் என்பதற்குப் பெல்காம் சான்று. 1967இல் வெளியான மகாஜன் ஆணையத்தின் அறிக்கையை மகாராட்டிரம் ஏற்கவில்லை. 2004இல் உச்சநீதிமன்றத்தை நாடியது. கிராமத்தை அலகாகக் கொள்ளும் படாஸ்கர் நெறியையே அம்மாநிலம் தனக்கும் கோரிவந்தது என்பது எண்ணத்தக்கது.

எனினும் எந்த எல்லைக்கோடும் மக்களை முற்றாகப் பிரித்துவிடுவதில்லை. திருத்தணி வட்டாரத்தில் தெலுங்கு பேசுவோர் உள்ளனர். நகரி, சித்தூர்ப் பகுதிகளில் தமிழர் உள்ளனர். முருகன் மலைக்கு இரு மொழியினரும் ஏறுகின்றனர். ‘மீட்பு’ என்ற சொல்லோ இவர்களுள் ஒரு சாராரைத் தம் சொந்த ஊரிலேயே தோற்றவராக்கிவிடுகிறது. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தபின் எல்லையோரத் தெலுங்குப் பள்ளிகளும், ஆம்பூர், வாணியம்பாடி உருதுப் பள்ளிகளும் தாய்மொழிக் கல்வி குறித்து ஒரே கவலையைப் பகிர்ந்துகொண்டதை நம் வாசகர் அறிவர். தமிழைக் கற்பது நம் கடமை. தாய்மொழியைக் காக்க விழைவோரைப் பகைவராகக் காணாதிருப்பது நீதி.

ஹுதைபிய்யா உடன்படிக்கை அன்று தோல்வியாகவே பலருக்குத் தோன்றிற்று. அதனைத் தெளிவான வெற்றியெனக் குர்ஆன் உணர்த்தியது. திருத்தணியின் வரலாற்றை இனி எழுதுவோர் போராளிகளுக்கு உரிய இடத்தைத் தருவதோடு, விட்டுக்கொடுத்தோருக்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கவேண்டும். அந்த அத்தியாயம் எழுதப்படாதவரை அவ்வரலாறு குறையுடையதே.