கணிப்பொறிக்குள் ஓர் ஒலிக்கூடம்: ‘கார்டினல்’ மென்பொருள் பற்றி ஒரு மதிப்புரை

ஒகேனக்கல் அருவியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கண்ணில் படும் முன்பே அது காதில் விழுந்துவிடும். தொலைவில் ஆழ்ந்த உறுமலாகக் கேட்கும் ஓசை, பரிசலில் ஏறி அருவியை நெருங்க நெருங்கக் காதைத் துளைக்கும் சீறலாகவும் மாறுகிறது. தண்ணீரும் அதே, பாறையும் அதே. அப்படியிருக்க, ஓசை மட்டும் ஏன் மாறவேண்டும்? ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல், கணிப்பொறியில் அந்த அருவியைக் ‘கட்டி’ இதற்கு விடை காணலாம் என்றால் நம்புவீர்களா?

‘கார்டினல்’ என்ற இலவச மென்பொருள் அதற்கு வழி செய்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பதினோராம் வகுப்பு மாணவர் நால்வருடன் அமர்ந்து இரண்டு நாட்கள் இதைச் சோதித்தேன். அதில் கண்ட நிறையையும் குறையையும் உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கதை ஒன்று

முதலில், இத்தகைய கருவி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1964 இல் அமெரிக்கப் பொறியியலாளர் ராபர்ட் மூக் ஒரு மின்னணு இசைக்கருவியை அமைத்தார். அது ஒரே கருவி அன்று. பல பெட்டிகளின் தொகுப்பு. ஒரு பெட்டி அலையைப் பிறப்பிக்கும். மற்றொன்று அதில் வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டும். வேறொன்று ஒலியின் வலிமையைக் கூட்டும், குறைக்கும். எந்தப் பெட்டியை எதனுடன் இணைப்பது என்பதை வாசிப்பவரே கம்பிகளைச் செருகித் தீர்மானிப்பார். தனித்தனிக் கட்டகங்களால் ஆனது என்பதால் இதற்குக் கட்டக ஒலியாக்கி என்று பெயரிடலாம்.

இந்தக் கருவி விரைவிலேயே இந்தியாவுக்கும் வந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1969 இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மூக் கருவியுடன் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் நேரில் வந்து அதை நிறுவினார். அதற்குத் துணை நின்றவர் கீதா சாராபாய். 1946 இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தவர் இவரே. அந்தக் கூடத்தில் கீதா சாராபாய், ஐ. எஸ். மாதுர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் புதிய ஒலிகளைப் படைத்து நாடாவில் பதிந்தனர்.

பிறகு என்ன ஆயிற்று? சில ஆண்டுகளில் அந்தக் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் காப்பகத்தில் உறங்கின. பால் பர்கஸ் என்ற கலைஞர் அவற்றைக் கண்டெடுத்து ஆராய்ந்தார். 1969 முதல் 1972 வரையிலான அந்தப் பதிவுகளின் தொகுப்பு 2023 இல்தான் வெளிவந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு மௌனம்! கருவி வந்தது, கலைஞர் சிலர் கைவைத்தனர், ஆனால் அது அந்த அறையின் வாசலைத் தாண்டவில்லை. இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் இதற்குத் திரும்புவோம்.

இன்றைய பெட்டி

மூக் கருவியின் பெட்டிகளையும் கம்பிகளையும் கணிப்பொறித் திரையில் படங்களாகக் கொண்டுவந்த மென்பொருள்களுள் பெயர்பெற்றது, ஆண்ட்ரூ பெல்ட் 2017 இல் வெளியிட்ட ‘வி.சி.வி. ராக்’. அதன் இலவசப் பதிப்பு தனியாக மட்டுமே இயங்கும். இசைப்பதிவு மென்பொருளுக்குள் செருகுநிரலாக வைத்துப் பயன்படுத்த வேண்டுமானால் விலை கொடுக்கவேண்டும். அதன் திறந்த மூல நிரலைக் கொண்டு ‘டிஸ்ட்ரோ’ குழுவினர் உருவாக்கியதே கார்டினல். 2022 இல் வெளியான இது, முழுவதும் இலவசமான செருகுநிரல். தனியாகவும் இயங்கும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் கிடைக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டகங்கள் இதற்குள்ளேயே உள்ளன.

ஒருமுறை இறக்கிக்கொண்டால் அதன்பின் இணையம் தேவையில்லை. பென் டிரைவில் பிரதி எடுத்து நண்பருக்குத் தரலாம்; அதன் உரிமம் அதை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மேல்நிலை மாணவருக்கு வழங்கிய மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. ஊர்ப்புற மாணவருக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பொருந்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சோதனை ஒன்று: தண்ணீரில்லா அருவி

அருவிக்கு வருவோம். கார்டினலில் ‘நாய்ஸ்’ என்றொரு கட்டகம் உண்டு. அதில் ‘ஒயிட்’ என்ற துளையிலிருந்து வருவது வெண்ணிரைச்சல். வெண்ணிற ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதுபோல, இதில் எல்லா அதிர்வெண்களும் சம வலிமையுடன் கலந்திருக்கின்றன. அதை நேரே ஒலிபெருக்கியில் கேட்டபோது, நிகழ்ச்சி வராத தொலைக்காட்சிப் பெட்டியின் ஓசை போலிருப்பதாக ஒரு மாணவர் சொன்னார். மிகச் சரி.

பிறகு இடையில் ஒரு வடிப்பானைச் செருகினோம். அதன் குமிழை இடப்பக்கம் திருப்பத் திருப்ப, உயர் அதிர்வெண்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சீறல் போய் உறுமல் மட்டும் நின்றது. வலப்பக்கம் திருப்பினால் பரிசல் அருவியை நெருங்குகிறது! காற்று, உயர் அதிர்வெண் ஒலிகளை மிகுதியாக உட்கவர்கிறது. குறைந்த அதிர்வெண் ஒலிகளோ பாறைகளையும் மரங்களையும் எளிதில் வளைந்து கடந்து வருகின்றன. தொலைவு என்பதே இயற்கை வைத்த ஒரு வடிப்பான்தான். இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு. விரலால் திருப்பிக் கேட்பது வேறு.

பத்து வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் அலையியற்றி ஒன்றை அந்த வடிப்பானோடு இணைத்ததும், காற்றடித்து ஓசை விலகி நெருங்குவது போன்ற தோற்றம் வந்தது. மூன்று கட்டகங்கள், நான்கு கம்பிகள். ஒகேனக்கல் அறைக்குள் வந்துவிட்டது. இந்தச் சோதனையில் கார்டினலுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

சோதனை இரண்டு: காந்தாரம் எது?

ஒத்த வலிமையும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்ணும் கொண்ட இரண்டு ஒலிகள் சேர்ந்தால் ஒலி ஏறி இறங்கும். அதை விம்மல் என்கிறோம் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். வழக்கமாக இதற்கு இரண்டு இசைக்கவைகள் வேண்டும். இங்கே இரண்டு அலையியற்றிகள் போதும். அவற்றின் அதிர்வெண்ணை எண்ணாகவே தட்டச்சு செய்யலாம்.

ஷட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என வைத்துக்கொள்வோம். அந்தர காந்தாரம் அதைப்போல் 5/4 மடங்கு. அதாவது 300 ஹெர்ட்ஸ். சுருதி சேர்ந்த தம்புராவில், கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கான மேற்சுரமாகத் தானே எழும் காந்தாரம் இதுதான். ஆனால் இக்காலத்து விசைப்பலகைகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கின்றன. அதன்படி காந்தாரம் 302.4 ஹெர்ட்ஸ். வேறுபாடு 2.4 தானே, அது காதுக்குத் தெரியுமா?

ஒன்றில் 300, மற்றொன்றில் 302.4 என்று கொடுத்துச் சேர்த்துக் கேட்டோம். விம்மல் தெளிவாகக் கேட்டது. கைக்கடிகாரத்தை வைத்து மாணவர்கள் எண்ணினார்கள்: ஐந்து வினாடிக்குப் பன்னிரண்டு. கணக்கும் அதையே சொல்கிறது. பிறகு பஞ்சமத்தை எடுத்துக்கொண்டோம். 3/2 மடங்கு என்றால் 360; சம படிகளின்படி 359.6. இரண்டரை வினாடிக்கு ஒரே ஒரு விம்மல். பஞ்சமத்தில் விசைப்பலகை ஏறக்குறைய ஒத்துப்போகிறது, காந்தாரத்தில் விலகுகிறது என்பதை இசை பயிலாத காதுகளும் ஒரு மாலைப் பொழுதில் அறிந்துகொண்டன. பன்னிரண்டு சம படிகள் என்பது இம்மென்பொருளின் விதியன்று என்பதையும் கவனியுங்கள். இதில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். இடையில் எந்த மதிப்பையும் கொடுக்கலாம். (கணிப்பொறிக்குள் உண்மை வோல்ட் ஏதும் இல்லை, மூக் காலத்து மரபைப் பின்பற்றும் வெறும் எண்களே அவை.)

சோதனை மூன்று: அசையும் சுரம்

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நம் இசையின் உயிர் கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதேயில்லை; அண்டைச் சுரங்களைத் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். அலையியற்றியின் சுருதியை மற்றோர் அலையியற்றியால் வினாடிக்கு ஐந்து முறை அசைத்துப் பார்த்தோம். அசைந்தது, ஆனால் ஊஞ்சல் ஆடுவதுபோல ஒரே அளவாக, ஒரே வேகத்தில் அசைந்தது. கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் அருகிலிருந்தார். சுருதி நன்றாக நிற்கிறது, ஆனால் பாட்டு வரவில்லை என்பது அவர் கருத்து.

அவர் சொன்னது சரி. கமகத்தின் வீச்சும் வேகமும் ராகத்துக்கு ராகம், சஞ்சாரத்துக்குச் சஞ்சாரம் மாறும். அந்த மாற்றத்தை ஒரு குமிழில் அடக்க முடியாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கட்டகம் இருக்கிறது. கையால் வரையும் வளைவுக்கேற்பச் சுருதியை மாற்றும் கட்டகங்களும் இருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு சஞ்சாரத்தை ஒழுங்காக்க எங்களுக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. பாடகர் அதை ஒரு மூச்சில் பாடிவிடுவார்.

அதற்காகக் கருவியை ஒதுக்கிவிடலாமா? சுரங்களுக்கிடையே வழுக்க இயலாது என்பது ஆர்மோனியத்தின் மீது சொல்லப்பட்ட முக்கியமான குறை. 1940 இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. 1971 இல்தான் அதைத் தளர்த்தத் தொடங்கியது. ஆனால் நம் தெருக்கூத்து அந்தத் தடைக்குக் காத்திருக்கவில்லை. ஆர்மோனியம் சுருதி கொடுக்க, கமகத்தைத் தொண்டை பார்த்துக்கொண்டது. கார்டினலையும் இப்படிப் பயன்படுத்துவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

குறைகள்

வேறு சில குறைகளையும் சொல்லவேண்டும். முதலாவது, வேகம். ஒலியைக் கணிப்பொறி வினாடிக்கு 48,000 முறை கணக்கிடுகிறது. ஒவ்வொரு கட்டகமும் அந்தச் சுமையைக் கூட்டுகிறது. நாங்கள் பயன்படுத்திய பழைய மடிக்கணினியில், கட்டகங்கள் இருபதைத் தாண்டியதும் ஒலி விட்டுவிட்டு வெடித்தது.

இரண்டாவது, ஆயிரம் கட்டகங்கள் என்பது வரமா, சுமையா என்ற கேள்வி. புதியவர் எங்கே தொடங்குவது என்று திகைக்கிறார். மாணவர்களிடம் ஐந்தே ஐந்து கட்டகங்களை எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்கள் வேலை நகர்ந்தது: அலையியற்றி, இரைச்சல், வடிப்பான், பெருக்கி, மெல்லலை இயற்றி. நீங்களும் இந்த ஐந்தோடு தொடங்குங்கள்.

மூன்றாவதே பெரிய குறை. பொத்தான்களின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். ‘வி.சி.எஃப்.’ என்று மட்டும் எழுதியிருந்தால் தமிழ்வழி மாணவருக்கு என்ன விளங்கும்? அதன் பொருள் அவருக்குத் தெரிந்ததுதான். மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் வடிப்பான் என்று சொன்னதும் நால்வரும் புரிந்துகொண்டனர். அறிவு இருக்கிறது, பெயர் மட்டும் குறுக்கே நிற்கிறது. நான்கு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று இருந்தால் இந்தச் சுவர் விழுந்துவிடும்.

முடிவாக

கார்டினல் சிறந்த ஒலி ஆய்வுக்கூடம். ஆனால் நம் இசைக்கு இன்னும் பழகாத கருவி. காசு செலவின்றி அலை, விம்மல், மேற்சுரம், வடிகட்டல் ஆகியவற்றைக் காதால் கற்பதற்கு இதைவிட வசதியானதை நான் கண்டதில்லை. ராகம் இசைக்கும் எண்ணத்துடன் அணுகுபவர் மட்டும் பொறுமையோடு அணுகவேண்டும்.

அகமதாபாத்தை நினைவுகூருங்கள். அங்கே கருவி இருந்தது, திறமையும் இருந்தது. அறைக்கு வெளியே கற்பதற்கு ஆளும், கற்பிப்பதற்கு வழியும் அமையவில்லை. இன்று அந்த அறையின் கதவு திறந்துவிட்டது, விலையும் இல்லை. ஆனால் விலையில்லை என்பதால் மட்டும் ஒரு பொருள் நமதாகிவிடாது. இரண்டாம் நாள் மாலை, மாணவர் ஒருவர் ஐந்து கட்டகங்களின் பெயரையும் வேலையையும் தம் குறிப்பேட்டில் தமிழில் எழுதி, பக்கத்து வீட்டு நண்பனுக்குக் காட்டப்போவதாகச் சொன்னார். அகமதாபாத்தில் நடக்காமற்போனது அதுதான். நீங்களும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் அருவி, பிறகு காந்தாரம்.