சாவி யாரிடம்?

தீப்பாதுகாப்பு ஆய்வாளர் பயிற்சியில் எங்களுக்குத் தந்த பாடநூலில் ட்ரையாங்கிள் தொழிற்சாலைத் தீவிபத்துக்கு ஆறே வரிகள். நியூயார்க், 1911 மார்ச் 25. 146 பேர் சாவு. காரணம்: பூட்டிய கதவு, போதாத வெளியேறும் வழி. தேர்வு எழுத அது போதும்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் குடியேறி வந்த யூத, இத்தாலிய இளம்பெண்கள் என்பது அந்த வரிகளில் இல்லை. ஒன்பதாம் தளத்துக் கதவு ஏன் பூட்டிக் கிடந்தது என்பதும் இல்லை. வேலை முடிந்து போகிற பெண்களின் பைகளைத் திருட்டுக்காகச் சோதிக்க வேண்டும்; அதற்கு எல்லாரும் ஒரே வழியாகப் போக வேண்டும்; ஆகவே மற்ற வழிக்குப் பூட்டு. 1909இல் இந்தத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். தீக்குப் பிறகு நடந்த வழக்கில் முதலாளிகள் இருவரும் விடுதலையானார்கள். பாடநூல் கதவைப் பற்றிப் பேசுகிறது, பூட்டியவரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஃபிரான்சஸ் பெர்கின்ஸின் பெயரும் அதில் இல்லை. அன்று பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தேநீருக்கு வந்திருந்தவர், ஓடிவந்து, பெண்கள் ஜன்னலிலிருந்து குதிப்பதைக் கண்ணால் பார்த்தார். பிறகு மாநில விசாரணை ஆணையத்துக்காகத் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். ஓரிடத்தில் 'தீயிலிருந்து தப்பும் வழி' என்று குறித்திருந்த சுவர் ஓட்டைக்குள் செனட்டர் ராபர்ட் வாக்னரையே தவழ்ந்து போக வைத்தார். அந்தப் பக்கம் பனி உறைந்த ஏணி, அதுவும் தரைக்கு எட்டாமல் நின்றது. ஆய்வு என்றால் என்ன என்பதை நான் இந்தக் காட்சியில்தான் கற்றேன். 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் அமைச்சர் ஆனதும் இவர்தான்.

பாடநூலை முழுக்கக் குறை சொல்லமாட்டேன். அணைப்பானின் முள் பச்சையில் நின்றாலும் உள்ளே தூள் கட்டிப்பட்டிருக்கலாம், கதவு கூட்டம் நகரும் திசையில் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அது சொல்லித் தந்தவை.

பயிற்சிக்காகப் போன ஒரு பெண்கள் விடுதியில் பட்டியலின் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. ஆனால் இரவு எட்டரைக்கு மேல் மாடி கிரில் கேட்டுக்குப் பூட்டு. சாவி கீழே வார்டன் அறையில். "பொண்ணுங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்" என்றார் வார்டன். எங்கள் துறைக்கும் அதே சொல்தான் பெயர். ஒரு பாதுகாப்பு பூட்டச் சொல்கிறது, இன்னொன்று திறக்கச் சொல்கிறது. பாடநூலுக்கு இந்தச் சண்டை தெரியவே தெரியாது.

வார்டனை என்னோடு கேட்டுக்கு உள்பக்கம் நிற்க வைத்துப் பூட்டச் சொன்னேன். சாவி கொண்டுவரக் கீழே இருந்த பெண்ணுக்குக் குரல் கொடுத்துவிட்டுக் கடிகாரம் பார்த்தேன். நான்கு நிமிடம். அறிக்கைப் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. 'இதர குறிப்புகள்' என்ற கட்டத்துக்குள் நெருக்கி எழுதினேன்.