பன்னிரண்டு கேட்டால் ஐந்து

நிக்ஸி கடிகாரம் செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் பயப்படுவது 170 வோல்ட்டுக்குத்தான். பயம் நியாயமானது, தொட்டால் சுளீரென்று இழுக்கும். பரோஸ் நிறுவனம் 1955-இல் சந்தைக்குக் கொண்டுவந்த நிக்ஸி குழலுக்குள், எண் வடிவிலான பத்து உலோகக் கேத்தோடுகள் நியான் வாயுவில் அடுக்காக நிற்கின்றன. ஏறத்தாழ அந்த அளவு மின்னழுத்தம் கிடைத்தால்தான் வாயு பற்றிக்கொள்ளும். ஆனால் கடிகாரம் தகராறு செய்யும்போது, நான் பார்த்தவரை, குற்றவாளி அந்த 170 வோல்ட் அல்ல. மறுமுனையில் இருக்கும் சின்ன மின்னழுத்தம். மைக்ரோகன்ட்ரோலர் ‘ஒன்று’ என்று சொல்வது டிரைவர் ஐசியின் காதில் ‘ஒன்று’ என்றே விழுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய வழிகளில் இந்தச் சிக்கல் கிடையாது. 74141 ஐசியும் அதன் சோவியத் இரட்டைப்பிறவியான கே155ஐடி1-உம் டிடிஎல் குடும்பம். 2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஒன்று, 0.8-க்குக் கீழே போனால் சுழியம். 5 வோல்ட் ஆர்டுயினோ ஊனோவும் சரி, 3.3 வோல்ட் ஈஎஸ்பி32-உம் சரி, அதற்கு ஒன்றுதான். எம்பிஎஸ்ஏ42 டிரான்சிஸ்டர் இன்னும் எளிமை: 300 வோல்ட் தாங்கும், பேஸில் 0.7 வோல்ட் போதும். 3.3 வோல்ட்டை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தால் கால் மில்லியாம்பியர் ஓடும். குழலின் இரண்டரை மில்லியாம்பியரைத் திறந்து மூட அது தாராளம். என்ன, ஆறு குழலுக்கு அறுபது டிரான்சிஸ்டர். சால்டரிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அந்த அறுபதைத் தவிர்க்கத்தான் எச்வி5622 போன்ற உயர் மின்னழுத்த ஷிஃப்ட் ரிஜிஸ்டர்களைத் தேடுகிறோம். ஒரே ஐசியில் 32 வெளியீடு, ஒவ்வொன்றும் 220 வோல்ட் தாங்கும். இரண்டை வரிசையாகக் கோத்தால் ஆறு இலக்கமும் முடிந்தது. மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து நாலைந்து கம்பி போதும். சிக்கல் டேட்டாஷீட்டில் ஒரே வரியில் இருக்கிறது. லாஜிக் சப்ளை 10.8 முதல் 13.2 வோல்ட், ‘ஒன்று’ என்றால் சப்ளையைவிட 2 வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. 12 வோல்ட்டில் ஓட்டினால் 10 வோல்ட்டாவது வேண்டும். 5 வோல்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் அதற்குச் சுழியமாகவே தெரியலாம்.

இதற்குப் பொழுதுபோக்குக்காரர்கள் கண்ட வழி, ஐசியையே 5 வோல்ட்டில் ஓட்டிவிடுவது. டேட்டாஷீட்டை வேதமாக ஓதுகிறவர்கள் இதை அறியாமை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சீமாஸ் உள்ளீடு தன் சப்ளையின் பாதிக்கு அருகில் எங்கோ முடிவெடுக்கும். சப்ளை 5 ஆனால் முடிவுப்புள்ளியும் இரண்டரைக்குப் பக்கத்தில் இறங்கும், 5 வோல்ட் சிக்னல் சரியாகவே புரியும். கேட்டுக்குக் குறைந்த மின்னழுத்தம் கிடைப்பதால் வெளியீட்டு மாஸ்ஃபெட் அரைகுறையாகத்தான் திறக்கும், உண்மைதான். ஆனால் அந்த வெளியீடு 100 மில்லியாம்பியர் இழுக்கப் பிறந்தது. நிக்ஸி கேட்பதோ இரண்டு, மூன்று. பத்து டன் லாரியில் ஒரு மூட்டை அரிசி ஏற்றுவது போல. எஞ்சின் கொஞ்சம் திணறினாலும் மூட்டை போய்ச் சேரும்.

அப்படியானால் குறை எங்கே? 5 வோல்ட்டில் அந்த ஐசி எவ்வளவு வேகத்தில், எந்த வெப்பநிலையில் ஓடும் என்று தயாரித்தவர் எங்கும் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் ஐசி ஓடுவது அந்த ஒரு ஐசிக்கான சாட்சி மட்டுமே. இதைவிடத் தந்திரமானது, குறையே கண்ணில் படாமல் போவது. ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் ஒரு கிளாக் துடிப்பு தவறினால், அதற்கு முன் நுழைந்த பிட்கள் எல்லாம் ஓர் இடம் பின்தங்கும். கேத்தோடுகளை வரிசையாக இணைத்திருந்தால் 3 எரிய வேண்டிய இடத்தில் 2 எரியும், அல்லது 4. ஆனால் புரோகிராம் நொடிக்குப் பலமுறை முழுப் பட்டியலையும் திரும்ப அனுப்புகிறது. தவறு வந்த சுவடு தெரியாமல் அடுத்த சுற்றில் அழிந்துவிடும். ‘இரண்டு வருடமாக ஓடுகிறது’ என்பவரின் கடிகாரம் எத்தனை முறை தவறியது என்று அவருக்கே தெரியாது. சுவர்க் கடிகாரத்துக்கு இதனால் ஒன்றும் குடிமுழுகாதுதான். அதே சர்க்யூட்டைக் கிட்டாகக் கட்டி விற்கிறவர் இப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

இணையத்திலிருந்து நேரம் வாங்கும் ஆசையில் எல்லோரும் ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32 பக்கம் போன பிறகு நிலைமை மோசம். 5 வோல்ட்டில் ஓடும் எச்வி5622-க்கு 3.3 வோல்ட் சிக்னலை நேரே கொடுக்கிறார்கள். மீறலின் மேல் மீறல். முடிவுப்புள்ளி இரண்டரை என்றால், ‘ஒன்று’க்கு மிஞ்சும் இடைவெளி 0.8 வோல்ட்தான். பக்கத்திலேயே பூஸ்ட் கன்வெர்ட்டர் சுவிட்ச் செய்து கிரவுண்டை உலுக்கிக்கொண்டிருக்கிறது. முதல் மீறலுக்கு நான் வக்காலத்து வாங்குவேன், இதற்கு மாட்டேன். என் கடிகாரம் ஒன்று மேசையில் ஒழுங்காக ஓடியது, பெட்டிக்குள் வைத்ததும் பிதற்றியது. கம்பி ஓரிரு அங்குலம் இடம் மாறியதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

சிக்னலின் மின்னழுத்தத்தை உயர்த்த மருந்தாக விற்கப்படும் எல்லாமும் மருந்து அல்ல. ஐ2சி வேலைக்கென்று கிடைக்கும் பிஎஸ்எஸ்138 பலகை மலிவு, ஆனால் 10 கிலோ ஓம் புல்-அப் கிளாக்கின் ஏறுமுகத்தை மழுக்கிவிடும். மழுங்கிய கிளாக் ஒரு துடிப்பை இரண்டாக எண்ண வைக்கும். சிடி4504 இதைவிட நேர்மையான வேலைக்காரன்: ஆறு சேனல், ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் 12. டிடிஎல் முறையில் வைத்தால் 3.3 வோல்ட்டையும் ‘ஒன்று’ என்றே ஏற்கும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் கடிகாரத்தில் அந்த 12 ஏற்கெனவே பலகையில் இருக்கிறது. ஒரு ஐசி சேர்த்தால் டேட்டாஷீட் கேட்டதையே கொடுத்துவிடலாம். அங்கே 5 வோல்ட் குறுக்குவழி வெறும் சோம்பல்.

யூஎஸ்பியில் ஓடும் கடிகாரத்தில்தான் உண்மையான இழுபறி. 12 வோல்ட்டுக்கென்று தனியாக இன்னொரு கன்வெர்ட்டர் வைக்க யாருக்கும் மனம் வராது. எனக்கும் வராது. அங்கே நான் கே155ஐடி1-க்கே திரும்புவேன். குழலுக்கு ஒன்றாக ஆறு, முன்னால் 5 வோல்ட்டில் மூன்று 74எச்சிடி595. அவையும் 2 வோல்ட்டிலேயே ‘ஒன்று’ என்று ஒப்புக்கொள்ளும். இடம் அடைக்கும், சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். இருக்கட்டும், எந்த வரியிலும் டேட்டாஷீட்டோடு சண்டை இல்லை.