ஸ்ப்ளெண்டர் பிளஸ்: எப்போது நிற்கிறது என்று பாருங்கள், பிறகு ஸ்பேனரை எடுங்கள்

வண்டி மிஸ்ஸிங் அடித்து நின்றுபோனால் நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் முதலில் கைபோகும் இடம் கார்புரேட்டர். கழற்றிக் கழுவி, காற்றடித்து, ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் வேலை முடிந்தது. பல நேரம் சில நாட்களில் வண்டி மறுபடி நின்றுவிடுகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வருவதற்கு முன் கார்புரேட்டருடன் விற்பனையான 97.2 சிசி ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸுக்கு எடுத்த எடுப்பிலேயே இந்த வைத்தியம் தேவையில்லை. கோளாறை வெளிப்படையாகக் காட்டிவிடும் எஞ்சின் அது. எந்த நிலையில் அணைகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

கார்புரேட்டரின் அமைப்பே அப்படி. ஐடிலிங்கில் எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட். அதன் துளை மிக நுண்ணியது. வாரக்கணக்கில் வண்டி சும்மா நின்றால் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சும் பிசின் அதை அடைத்துவிடும். சிக்னலில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்து, முறுக்கினால் ஒழுங்காக ஓடும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சூடான வண்டி சோக்கை இழுத்ததும் சீராக ஓடினால், ஒன்று பெட்ரோல் போதவில்லை, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்று கசிகிறது. ஐடிலிங் சரியாக இருந்து வேகத்தில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டையும் பெட்ரோல் டியூபையும் பார்க்க வேண்டும். நன்றாக ஓடி, மூச்சு முட்டியதுபோல் நின்று, சற்று நேரம் கழித்து எதையும் சரிசெய்யாமலே மறுபடி ஸ்டார்ட் ஆனால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, வண்டியும் ஓடினால் கார்புரேட்டரைத் தொட வேண்டியதே இல்லை.

இக்னிஷன் காயில் சூட்டில் செயலிழந்தாலும் வண்டி இப்படித்தான் நிற்கும், பிறகு எப்படிப் பிரித்தறிவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் பிளக்கில் இருக்கிறது. நின்ற வண்டியைச் சில முறை கிக் அடித்துப் பார்த்து, எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, ஸ்பார்க்கைத்தான் தேட வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கார்புரேட்டர் அடியிலுள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் இன்னொன்றும் தெரியும்: தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் என்பதால் மழைக்காலத்தில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். அருகில் நெருப்பு மட்டும் கூடாது.

கழுவிவிடுவது மலிவு, சீக்கிரம் முடியும், அதிலென்ன நஷ்டம் என்பார்கள். நஷ்டம் உண்டு. காற்றுக் கசிவை ஏர் ஸ்க்ரூவால் சரிக்கட்டினால் கசிவு அப்படியே இருக்கும். ஐடிலிங் சரியானதுபோல் தெரிந்தாலும் கோளாறு வளரும். பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, ஜெட்டை மாற்றும்வரை மைலேஜ் குறையும். எஃப்ஐ (ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகள் விளக்கைச் சிமிட்டிக் கோளாறைச் சொல்லிவிடுமே என்பதும் பாதி உண்மைதான். அந்த விளக்கு பெரும்பாலும் சென்சார், மின் இணைப்புக் கோளாறுகளைச் சொல்லும். கலப்படப் பெட்ரோலையோ தேய்ந்த பிளக்கையோ அதை மட்டும் நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. அங்கும் கவனிப்புதான் முதல் கருவி. அடுத்த முறை வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது “மிஸ்ஸிங் அடிக்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள். சூட்டிலா, ஐடிலிங்கிலா, வேகத்திலா, சோக் போட்டால் என்ன ஆகிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள். தேவையில்லாமல் கழற்றும் வேலையும் கூலியும் மிச்சம்.